நாவலடிக்கு நான் ஆள் வைத்த கதை

டெனிஷ்காரர் முன்னொரு காலத்தில் கப்பலேறிப் போய், அமெரிக்காவின் நடுவில் சோளம் விளைகிற வெளிகளில் ஊர்கள் அமைத்தார்களாம். டென்மார்க்கின் பிராண்டே நகரில் நான் நான்காம் வகுப்புப் படித்தபோது ஆசிரியை சொல்லித்தந்தது. புல்வெளியை உழுது, கிணறு வெட்டி, தேவாலயம் கட்டி, கடைசியில் பெயர் வைக்கும்போது சண்டை பிடித்துக்கொண்டார்களாம். நாங்களும் மேசையளவு பலகையொன்றில் அப்படி ஓர் ஊர் கட்டினோம். பால் பெட்டிகள்தான் வீடுகள். பெயரை மட்டும், பெற்றோர் வருகிற மாலையில் கையுயர்த்தி முடிவுசெய்வதாக ஏற்பாடு.

நானும் என் சிநேகிதியும் 'புதிய பிராண்டே' என்று சொல்லத் தீர்மானித்திருந்தோம். அந்த வயதில் எனக்கு ஒரே ஆசைதான். வகுப்பில் மற்றவர்களைப்போல ஒருத்தியாக இருந்துவிட வேண்டும்.

இலங்கையில், வன்னியில், சண்டை முடிந்த கிழமை அது. அங்கேயிருந்த சித்தி வீட்டிலிருந்து தொலைபேசி வருவது நின்றுபோயிருந்தது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணைவதேயில்லை. அம்மா சமைப்பதில்லை. நான் பாணும் ஜாமும் தின்று வளர்ந்துகொண்டிருந்தேன். அப்பா பல நாள் தாடியோடும் காற்றாலை இறக்கை செய்கிற தொழிற்சாலையின் சட்டையோடும் பள்ளிக்கு வந்தார். வராமலே விட்டிருக்கலாம்.

"யாரிடமாவது ஒரு பெயர் இருக்கிறதா?" என்று ஆசிரியை கேட்டது பிள்ளைகளைத்தான். பின்வரிசையில் அப்பா கையை உயர்த்தினார். அது போதாதென்று, தான் படித்த பள்ளிக்கூடம் என்ற நினைப்பில் எழும்பிக் கைகட்டி நின்றார். ஐயோ, என் மானம்! டென்மார்க்கில் ஆசிரியருக்கு யார் எழும்பி நிற்கிறார்கள்?

"நாவலடி" என்றார். வன்னியில் அவருக்கும் அம்மாவுக்கும் அதுதான் ஊர். தன் தகப்பனும் இன்னும் சில பேரும் காடு வெட்டி உண்டாக்கியது, முதல் இரவு ஒரு நாவல் மரத்தடியில் படுத்ததால் அந்தப் பெயர் என்று, உடைந்த டெனிஷில் சொல்லிக்கொண்டே போனார். நான் இருமினேன், கண்ணைக் காட்டினேன். மனுசன் நிறுத்தினால்தானே! சிநேகிதி திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குக் காது இரண்டும் சுட்டன.

நாவலடிதான் வென்றது. பாவம் பார்த்துக் கையுயர்த்தினார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. தோற்றிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திராது.

கோடை விடுமுறைக்கு முதல்நாள், பலகையை எறியப்போகிறோம், யாருக்காவது வேண்டுமா என்று ஆசிரியை கேட்டார். நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினேன். என்னை ஏற்றிப்போக வந்து வாசலில் நின்ற அப்பா, தனக்கு வேண்டும் என்றார். பள்ளிக்கூடம் முழுக்கப் பார்க்க, ஊரைத் தலையில் சுமந்துகொண்டு காருக்கு நடந்தார். நான் யாரோ எவரோ என்பதுபோலப் பின்னால் போனேன்.

வீட்டில் அதைக் கூடத்தின் நடுவே இறக்கிவைத்துத் தொலைக்காட்சியை அணைத்தார். அம்மா வந்து நின்று கனநேரம் பார்த்தார்.

"கிணறு இஞ்சாலயே இருந்தது?" என்று ஒரு பக்கத்தைக் காட்டினார்.

"பின்னை? கடைக்குப் பக்கத்தில."

"உங்களுக்கு என்ன தெரியும்? தள்ளுங்கோ, அங்கால தள்ளுங்கோ."

அம்மா நிலத்தில் உட்கார்ந்து பால் பெட்டிகளை நகர்த்தத் தொடங்கினார். இது வாத்தியார் வீடு. இது சித்தி வீடு. அப்பா இல்லையென்றார், அம்மா அதட்டினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர்கள் சண்டை பிடிப்பதைக் கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதில் நானும் சேரலாம் என்று பட்டது. ஓடிப்போய் விளையாட்டுப் பெட்டியிலிருந்து மஞ்சள் முகப் பிளாஸ்டிக் ஆட்களை அள்ளிவந்து, வாசலுக்கு ஒருவராக நிறுத்தினேன்.

"சித்தி வீட்டில் எத்தனை பேர்?" என்று டெனிஷில் கேட்டேன்.

அம்மா பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சித்தி வீட்டு வாசலில் நின்றதைக் கடைசியாக எடுத்து வைத்து, என் விரல்களை மூடிவிட்டார்.

"வேண்டாம் பிள்ளை. வீடுகள் மட்டும் இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டிருக்கிற அந்த மஞ்சள் முகங்கள் எங்கள் ஊர் ஆட்களைப்போல இல்லை, அதுதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஏன்தான் கொண்டுவந்தேனோ என்று வெட்கமாகப் போய்விட்டது. எல்லோரையும் பெட்டிக்குள் போட்டு மூடியை அழுத்தி மூடினேன்.