ஒளிரக் கூடாத குழாய்

நிஷ்மியா பேராதனையில் முதுதத்துவமாணி (எம்.பில்.) ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில், மகள் என்ன படிக்கிறாள் என்று சொந்த ஊரான கலேவெலயில் யாராவது கேட்டால் உம்மா றமீஸா தடுமாறிப்போவார். டாக்டருக்கா என்றால் இல்லை. டீச்சருக்கா என்றால் அதுவும் இல்லை. கிருமிக்குள் ஒரு பூட்டு இருக்கிறதாம், அதைப் பற்றி என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கேட்டவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு "கெம்பஸ்ல ஈக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பூட்டு என்பது மகள் சொல்லிக்கொடுத்த சொல்தான். பக்டீரியா ஒன்றிடம் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எந்நேரமும் வாசித்துக்கொண்டிருந்தால் அது பிழைக்காது. எதை எப்போது வாசிப்பது என்று பார்த்துக்கொள்ளும் புரதங்களைப் படியெடுத்தல் காரணிகள் என்பார்கள். சில காரணிகள் வாசிப்பைத் தூண்டும், சில தடுக்கும். நிஷ்மியா எடுத்துக்கொண்டது தடுக்கிற வகையில் ஒன்று. டெட்ராசைக்ளின் என்ற மருந்தை அடையாளம் காணும் புரதம் அது. ஒரே மாதிரியான இரண்டு துண்டுகள் ஒட்டிச் சோடியாக நிற்கும். இரண்டின் தலைகளும் டி.என்.ஏ.யின் பள்ளங்களுக்குள் இறங்கிப் பொருந்திக்கொள்ளும். அப்படி இருக்கும்வரை பக்கத்து மரபணுவை வாசிக்க வழியில்லை. புரதத்தின் நடுவே ஒரு குழி உண்டு. டெட்ராசைக்ளின் ஒரு மக்னீசிய அயனையும் சேர்த்துக்கொண்டு அந்தக் குழிக்குள் போனால் உள்ளிருக்கும் சுருள்கள் நகரும், தலைகள் விலகும், பள்ளத்தில் பொருத்தம் கெட்டுப் புரதம் கழன்றுவிடும். உடனே, மருந்தை வெளியே தள்ளும் பம்பைப் பக்டீரியா செய்யத் தொடங்கும். தேவையில்லாத நேரத்தில் அந்தப் பம்பு நிறையச் சேர்ந்தால் பக்டீரியாவுக்கே கேடு. அதனால்தான் இந்தத் தடை.

நிஷ்மியா பம்பின் மரபணு இருந்த இடத்தில் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றின் மரபணுவை வைத்தாள். இனி மருந்து வந்தால் பக்டீரியா ஒளிரும், வராவிட்டால் இருண்டு கிடக்கும். மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் மிஞ்சியிருக்கிறதா என்று இதைக்கொண்டு பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆய்வு. பால் லேசான பொருள் இல்லை. அதிலுள்ள கல்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து இருந்தும் சோதனைக் குழாய் மங்கலாகத் தெரியலாம். அந்தத் தொல்லையைச் சரிசெய்வதிலேயே முதல் வருடம் போய்விட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கலக்காத சுத்தமான பால் தேவைப்பட்டது. அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. வாப்பா காலமான பிறகு அவளுடைய அண்ணன், நானா நப்லான்தான் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து கறவை மாடுகள். அதிகாலையில் கறந்து, பக்கத்து வீடுகளுக்குப் போத்தலில் ஊற்றிக்கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கேனில் பால் சேகரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோவான். விடுமுறைக்கு வந்து திரும்பும்போதெல்லாம் நிஷ்மியா அந்தக் கேனிலிருந்து ஒரு போத்தல் நிரப்பி, ஐஸ் போட்ட ரெஜிபோம் நுரைப்பெட்டியில் வைத்து, தம்புள்ளயில் பஸ் மாறிப் பேராதனைக்குக் கொண்டுபோவாள். மாதக்கணக்காக அந்தப் பால் ஒழுங்காக இருண்டே கிடந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்து கொண்டுபோன பால் ஒளிர்ந்தது.

கை தவறி மருந்து பட்டிருக்கும் என்று நினைத்துக் குழாய்களை மாற்றினாள். மறுபடியும் ஒளிர்ந்தது. தண்ணீர் ஊற்றிய குழாய் இருட்டு. கடையில் வாங்கிய பால்மா கரைத்த குழாயும் இருட்டு. வீட்டுப் பால் மட்டும் பச்சை. தடுக்கும் புரதத்தில்தான் கோளாறு என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஒரு எழுத்து மாறினாலே போதும், பாலில் உள்ள வேறு ஏதோ ஒன்றுக்கு அது ஏமாந்து கழன்றுவிடலாம். புரதத்தின் வடிவப் படத்தைக் கணினியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழியின் ஓரத்திலுள்ள ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் சந்தேகப்பட்டாள். பிறகு பழைய பக்டீரியாவை உறைநிலையிலிருந்து எடுத்துப் புதிதாக வளர்த்தாள், மரபணுவை வாசிக்கக் கொடுத்தாள். வாசித்து வந்தபோது ஒரு எழுத்தும் மாறியிருக்கவில்லை.

அவளுடைய மேற்பார்வையாளர் சிவதர்ஷினி மாத்தளை டவுனில் வளர்ந்தவர். ஆனாலும் வீட்டில் பேசிய யாழ்ப்பாணப் பேச்சை விடாதவர். முடிவுகளை விரித்துப் பார்த்த பிறகு அவர் சொன்னார்:

"புரதம் தன்ர வேலையைத்தான் செய்யுது, நிஷ்மியா. நீங்கள் பாலை நம்பிக்கொண்டு அதைச் சந்தேகப்படுறீங்கள். அந்தப் பால் எங்கயிருந்து வந்தது எண்டு முதல்ல பாருங்கோ."

அது தன் வீட்டுப் பால் என்பது சிவதர்ஷினிக்குத் தெரியாது. நிஷ்மியா அப்போது சொல்லவும் இல்லை. விடுதிக்குப் போய் நானாவுக்கு அழைத்தாள். சுற்றிவளைக்காமல் கேட்டுவிட நினைத்தவள், மாடுகள் சுகமா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனாள். விடியற்காலையில் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனிப் போத்தலில் பிடித்துத் தரும்படி நானாவிடம் கேட்டாள். படிப்புக்கு என்றதும் அவன் மறுபேச்சில்லாமல் பிடித்துக் கொடுத்தான். கறுத்த மாட்டுக்கு வந்தபோதுதான் மடியின் ஒரு பக்கம் வீங்கியிருப்பதை அவள் கண்டாள். அது பெருநாளைக்கு முன்பே தொடங்கியது என்றான் நப்லான். அரசாங்க மிருக வைத்தியர் லக்கல பக்கம் போயிருந்ததால் அவர் வரும்வரை காத்திருக்காமல் கடையில் மருந்து வாங்கி அவனே ஊசி போட்டிருக்கிறான். குறைந்த மாதிரி இருந்ததாம், மறுபடி வீங்கியதாம், மறுபடி போட்டானாம், அந்த வாரமும். கழுவி வைத்திருந்த வெற்றுக் குப்பியைக் காட்டினான். அதில் எழுதியிருந்தது ஒக்ஸிடெட்ராசைக்ளின்.

இருந்தாலும் அவள் முடிவு வரும்வரை பேசவில்லை. போத்தல்களைக் கொண்டுபோய்ப் பரிசோதித்தாள். நான்கு இருண்டு கிடந்தன. கறுத்த மாட்டின் பால் மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தது.

அடுத்த முறை ஊருக்கு வந்ததும் மாட்டுத் தொழுவத்தில் வைத்தே சொன்னாள். நப்லான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"ஊசி போட்டது உண்மதான். மாடு வேதனையில நிக்கிது, நான் பாத்துக்கிட்டா இருக்கிறது?"

"ஊசி போட்டது பிழையில்ல நானா. போட்டதுக்குப் பொறகு அந்தப் பாலை மத்தப் பாலோட ஊத்தினீங்களே, அதுதான்."

"பால் வெள்ளையாத்தானே இருந்திச்சு. ஊத்துற இடத்திலயும் கொழுப்பு பாத்தாங்க, தண்ணி பாத்தாங்க, எடுத்துக்கிட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னான்: "என்ட பாலைக் கொண்டு போய் என்னையே புடிச்சிட்டியே."

ஒரு கோப்பை குடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்று விளக்கினாள். தினமும் குடிப்பதும், பிள்ளைகள் குடிப்பதும், உடம்பிலுள்ள கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிப்போவதும்தான் பயம் என்றாள். நப்லான் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு றஸ்மியாவின் பெயரை அவள் சொன்னபோதுதான் முகம் மாறியது. றஸ்மியா பாலர் பாடசாலை ஆசிரியை, ஆறாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்கென்று காலையும் மாலையும் அவனிடம்தான் பால் வாங்கிக்கொண்டிருந்தாள். மாலையில் கறுத்த மாட்டைத் தனியாகக் கறந்து, அந்த வாளியைத் தொழுவத்திலேயே வைத்துவிட்டுச் சாப்பிட வந்தான். சாப்பாட்டின் நடுவே, கன்றுக்குக் கொடுக்கலாமா என்று மட்டும் கேட்டான். கூடாது என்றாள். கிணற்றடியிலிருந்து தூரத்தில் குழி வெட்டி ஊற்றினான்.

பேராதனையில் நிஷ்மியா எல்லாவற்றையும் சிவதர்ஷினியிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. ஆய்வுகூடத்தில் அளந்து கலந்த மருந்து அல்லாமல் உண்மையான ஒரு மாட்டின் உடம்பு வழியாக வந்த மருந்தை அவர்களுடைய பக்டீரியா கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. ஆய்வுக்கு அதைவிடப் பெறுமதியான மாதிரி கிடைக்கப்போவதில்லை. ஆனால் மாட்டுக்குச் சொந்தக்காரர் சம்மதிக்காமல் ஒரு வரியும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். தங்கை கேட்டால் மறுக்க முடியாமல் தலையாட்டுவார், அந்தச் சம்மதம் போதாது என்றும் சொன்னார். ஆகவே நிஷ்மியா கேட்கவே இல்லை. அந்த முடிவுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, தானே மருந்து கலந்த பாலோடு பழைய வேலையைத் தொடர்ந்தாள். தூக்கம் சரியாக வரவில்லை. ஒரு நல்ல முடிவைக் கைவிட வேண்டியிருக்கிறதே என்பதா, நானா பேசாமல் இருப்பதா, எது தன்னை வருத்துகிறது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இதற்கிடையில் ஊரில் நடந்ததை உம்மா போனில் சொன்னார். பால் ஏன் குறைந்தது என்று கேட்ட வீடுகளுக்கெல்லாம் நப்லான் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். முதலில் போனது றஸ்மியாவின் வீட்டுக்கு. அவள் நிறையக் கேள்வி கேட்டிருக்கிறாள். கிளினிக்கில் போய்ச் சொல்லியும் இருக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை, இனிக் கவனம் என்று அங்கே சொன்னார்களாம். இரண்டு வீட்டார் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். றஸ்மியா நிறுத்தவில்லை. ஆனால் எந்த மாட்டுப் பால் என்று தினமும் கேட்டுவிட்டுத்தான் போத்தலை நீட்டுகிறாள்.

மிருக வைத்தியர் வந்து பார்த்து, முதலில் போட்ட மருந்தின் அளவு போதவில்லை என்றார். அதே மருந்தை முறைப்படி போட்டு முடித்தார். அந்த வாரம் நப்லானே தங்கைக்கு அழைத்தான்.

"டொக்டர் ஊசி போட்டு முடிச்சிட்டாரு. எத்தின நாளைக்குப் பால் ஊத்தாம ஈக்கணும்?"

குப்பியில் எழுதியிருக்கும் நாள் வரைக்கும் என்றாள்.

"அது போதும் எண்டு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது என்றாள்.

"அப்ப ஒவ்வொரு நாளும் அனுப்புறேன். பாத்துச் சொல்லு. எழுத வேணுமெண்டா எழுதிக்க, என்ட பேரையும் போடு."

மறுநாளிலிருந்து தம்புள்ளயிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், நடத்துனர் கையில் கொடுத்தனுப்பிய ரெஜிபோம் பெட்டி வரத் தொடங்கியது. கண்டி பஸ் நிலையத்தில் நின்று அவள் வாங்கிக்கொள்வாள். குழாயின் பச்சை நாளுக்கு நாள் மங்கியது. குப்பியில் எழுதியிருந்த நாள் வந்தபோதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகுதான் முழுதாக இருண்டது. அதுவரைக்கும் நப்லான் கறுத்த மாட்டின் பாலில் ஒரு துளியும் கேனில் ஊற்றவில்லை. மாட்டின் பின்காலில் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தான், தானில்லாத நேரத்தில் வேறு யாராவது கறந்தாலும் தெரிவதற்காக.

ஒரு மாட்டை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று பரீட்சகர்கள் சொன்னார்கள். நிஷ்மியாவும் ஆய்வேட்டில் அதையே எழுதியிருந்தாள். இன்னும் பல பண்ணைகளிலிருந்து மாதிரி எடுத்து வேலையை விரித்த பிறகுதான் பட்டம் கிடைத்தது. நன்றியுரையில் நப்லானின் பெயர் இருக்கிறது, கறுத்த மாட்டின் பெயர் இல்லை. சேர்த்திருக்கலாம் என்று உம்மாவுக்கு ஒரு குறை.

மரபணு மாற்றிய பக்டீரியாவை ஆய்வுகூடத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லாததால், அந்தப் பரிசோதனையைக் கலேவெலயில் செய்ய இன்றைக்கும் வழியில்லை. அந்தப் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்துக் காகிதத் துண்டில் உலர வைத்தால் வேலை செய்யுமா என்றுதான் நிஷ்மியா இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள். உலர்ந்தால் புரதத்தின் வடிவம் குலைந்துபோகிறது. சீனியோடு சேர்த்து உலர்த்தினால் கொஞ்சம் தாங்குகிறது. ஊரில் மாடு வைத்திருக்கும் ஆட்களுக்கு நப்லான் அவளுடைய நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறான். கறவை நேரத்தில், அவள் எழும்புவதற்கு முன்பே, எந்தப் பாலை ஊற்றலாம் என்று கேட்டு அவர்கள் அழைக்கிறார்கள்.