கடல்காத்துக் கோழி

போன திங்கட்கிழமை விம்கோ நகர் ஸ்டேஷனில், ஒரு கால் ரயிலிலும் ஒரு கால் பிளாட்பாரத்திலுமாக நான் நாட்டியமாடிக்கொண்டிருந்தபோது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சார்... அந்தக் கோழிங்க உயிரோட இருக்கா?"

பெட்டி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கொலைக் கேஸில் ஜாமீனில் வந்தவனைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

தப்பு என்னுடையதுதான். கொஞ்ச மாதங்களுக்கு முன்னால் இதே பக்கத்தில், "கோழி வளர்க்கப் போகிறேன்" என்று பீற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் கேபிள் டிவி, கரண்ட் கட், மச்சினன் கல்யாணம் என்று எதையெதையோ எழுதினேனே தவிர, கோழியைப் பற்றி மூச்சு விடவில்லை. விட முடியாத நிலைமை. இப்போது சொல்லிவிடலாம்.

எங்கள் தொழிற்சாலையில் அப்போது விஆர்எஸ் பேச்சு பலமாக அடிபட்டது. ஆளாளுக்கு ஒரு பக்கத் தொழிலில் இறங்கினார்கள். ஃபிட்டர் ஒருவர் ஷேர் ஆட்டோ வாங்கினார். ஸ்டோர்ஸ்காரர் எஸ்டிடி பூத் வைத்தார். டைம் ஆபீஸ் கிளார்க்கான எனக்கு என்ன தெரியும்? யார் லேட்டாக வந்தார்கள் என்று எழுதத் தெரியும். அதை வைத்து என்ன கடை போடுவது?

கோழி வாங்கினேன்.

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருப்பது கீழ்ப் போர்ஷன். பின்னால் ஒரு முருங்கை மரமும் துணி துவைக்கும் கல்லும் போக, கோழி காலாற நடக்கிற அளவுக்கு இடம் உண்டு. ஹார்பரில் மெஷின் இறக்கிய பிறகு தூக்கிப் போடுகிற பேக்கிங் பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து, நானே கூண்டு அடித்தேன். பலகையில் 'இந்தப் பக்கம் மேலே' என்று ஓர் அம்புக்குறி இருக்குமே... நான் அடித்து முடித்தபோது அது தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. கோழிகளுக்கு ஆட்சேபணை இல்லை. என் மனைவி கோமதிக்குத்தான் இருந்தது.

"உங்களுக்கு எது மேலே எது கீழேன்னே தெரியல. உங்க கையில ஒரு உசுரா?"

மீஞ்சூர் பக்கத்தில் தெரிந்தவரிடம் ஐந்து நாட்டுப் பெட்டைகள் வாங்கினேன். சேவல் வேண்டாமென்று விட்டேன். நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் படுக்கிற தெரு இது. சேவல் கூவினால், சேவலுக்கு முன்னால் என்னை அறுப்பார்கள். "சேவல் இல்லாம எப்படிய்யா முட்டை போடும்?" என்று கேன்டீனில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. போடும். பொரிக்காது, அவ்வளவுதான். இந்த விஷயம் எனக்கும் அதற்கு முந்தின வாரம்தான் தெரியும் என்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்தது தீனி. கம்பும் நொய்யும் வாங்கிப் போட்டேன். கொத்தின... கடமைக்கு. நம் ஆபீஸில் பைல் பார்ப்பது மாதிரி.

அதைப் பார்த்தார் பக்கத்து வீட்டு எல்லம்மாக்கா. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, பத்து மணிக்குள் மார்க்கெட்டில் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு ஆட்டோவில் வந்து இறங்குகிறவர்.

"இன்னா நைனா, கோழிக்குப் போயி கம்பு வாங்கிப் போட்டுகினு கீற? அது இன்னா சக்கரை வியாதிக்காரனா? தோ பாரு..."

கூடையின் அடியிலிருந்து நசுங்கின நெத்திலி, இறால் தலை, ஒரு கைப்பிடி மீன் குடல் என்று வீசினார். ஐந்து கோழியும் பறந்தன. கோழி அவ்வளவு உயரம் பறக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதிலிருந்து தினமும் கூடை இறங்கியதும் விருந்து. முட்டைகள் வர ஆரம்பித்தன. உடைத்தால் மஞ்சள்கரு செங்காமட்டி நிறத்தில் ஜொலித்ததாம். "ஜொலித்ததாம்" என்கிறேனே, ஏன்? நான் பார்க்கவில்லை. முட்டையெல்லாம் மாடிக்குப் போய்விட்டது.

மாடியில் இருப்பவர் வீட்டு ஓனர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். மெயின் ரோட்டில் மளிகைக் கடை. என் கட்டுரையில் துவரம்பருப்பு மடித்துக் கொடுப்பார், படித்துப் பார்த்ததில்லை. கோழி வந்த அன்றே, "வாடகை வீட்ல கோழியா தம்பி? நமக்குச் சரிப்படாது கேட்டீயளா" என்று சொல்லிவிட்டார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்தாள்.

வந்தவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அவள் அம்மா, எங்களுக்கெல்லாம் மதினி, பிரசவம் நல்லபடியாக முடிகிறவரை வீட்டில் மீன், கறி எதுவும் சேர்ப்பதில்லை என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டுச் சத்தம் போட்டதில், முட்டைக்கு மட்டும் விதிவிலக்கு. அதுவும் மருந்து மாதிரி, செல்விக்கு மட்டும். ஆனால் கடை முட்டையைப் பார்த்தாலே அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருநாள் அண்ணாச்சியே படியிறங்கி வந்தார்.

"தம்பி, ஒரு விசயம் சொல்லுதேன். புள்ள ஒண்ணுமே திங்க மாட்டேங்கா. எடை ஏறலன்னா ஆஸ்பத்திரியில படுக்கப் போடணும்னு டாக்டரம்மா ஏசுதா. ஒங்க நாட்டுக்கோழி முட்டைய குடுத்துப் பாப்போம். அவ தின்னான்னா கோழி இருந்துட்டுப் போட்டும். திங்கலன்னா... கோழிய வித்துருங்க."

ஐந்து கோழிகளின் தலையெழுத்து ஒரு பெண்ணின் வாயில்!

முதல் நாள் இரண்டு அவித்துக் கொடுத்தார்கள். காலித் தட்டு வந்தது. மறுநாள் ஆம்லெட். காலித் தட்டு. மூன்று வாரத்தில் அந்தப் பெண்ணின் கன்னத்தில் களை வந்துவிட்டது. அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டு ஓனர் சிரித்தால் வாடகை ஏறப்போகிறது என்று நினைக்கிற ஜாதி நான். ஆனால் அது நிஜச் சிரிப்பு. நானும் தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். டாக்டரால் முடியாததை நான் முடித்திருக்கிறேனே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடிக்குப் போக ஒரு முட்டை மிச்சம் இருந்தது. கோமதி எனக்கு ஆம்லெட் போட்டாள். வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு... ஒரு வாய் வைத்தேன்.

காசிமேடு.

சந்தேகமே இல்லை. கண்ணை மூடினால் ஐஸ் பெட்டி, விசைப்படகு, ஏலக் கூச்சல் எல்லாம் தெரிந்தது. கோமதியும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். அவள் முகத்தை வர்ணிக்க இந்தப் பக்கத்தில் இடம் போதாது.

"இதையா தெனமும் மேல குடுத்தோம்? அவங்க வேண்டுதல் என்னாகுறது? நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, உங்க கோழியாலதான்னு சொல்ல மாட்டாங்களா?"

கோழி நம்முடையதாக இருந்தது, சட்டென்று 'உங்க கோழி' ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா?

எல்லம்மாக்காவைக் கூப்பிட்டு மிச்ச ஆம்லெட்டைக் கொடுத்தேன். நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

"ஷோக்கா கீது நைனா. மீனு தனியா, முட்ட தனியா எதுக்கு வாங்கணும்? ரெண்டும் ஒண்ணா வருது. இதுக்குப் போயி இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கிகினு கீறீங்க?"

"அதில்லக்கா... இனிமே மீன் போட வேணாம்."

"இன்னாது? என் மீனு உனுக்குப் பேஜாராப் பூட்ச்சா? முட்ட வர்ற வரிக்கும் எல்லம்மா வோணும். வந்துட்ச்சின்னா கம்பா?"

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முதல் கம்பு, நொய், கீரைத்தண்டு. கோழிகள் என்ன செய்தன தெரியுமா? ஸ்டிரைக்! தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லம்மாக்காவின் ஆட்டோ வருகிற நேரத்துக்கு ஐந்தும் காம்பவுண்ட் கேட்டில் வரிசையாக நின்று கோஷம் போட்டன. அதிலும் அந்தக் கருங்கோழி இருக்கிறதே... கழுத்தை நீட்டி ஒரு குரல் கொடுத்தால் மற்ற நான்கும் பதில் குரல் கொடுக்கும். முட்டை உற்பத்தி பூஜ்யம்.

வாழ்நாளெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று "நிர்வாகமே, நிர்வாகமே" என்று கத்தினவன் நான். முதல் முறையாக நிர்வாகத் தரப்பில் நிற்கிறேன். ஒன்று சொல்லட்டுமா? நிர்வாகத்துக்கும் பாவம் தூக்கம் வராது போலிருக்கிறது.

மேலே கேட்டதற்கு, "கோழி இறகு உதிர்க்குது அண்ணாச்சி, கொஞ்ச நாள் ஆகும்" என்று ஒரு பொய். பசி வந்ததும் கோழிகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தன. மறுபடி முட்டை விழுந்தது. நான் உடைத்து மோந்து பார்த்தேன். ருசி பார்த்தேன். முட்டை வாசம்! சுத்தமான, யோக்கியமான முட்டை. நிம்மதியாக மேலே அனுப்பினேன்.

தட்டு அப்படியே திரும்பி வந்தது.

மறுநாளும். அதற்கு மறுநாளும். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணாச்சி படியிறங்கி வந்தார். சிரிப்பு இல்லை.

"என்னத்த மாத்துனீய தம்பி? புள்ள மறுபடி கஞ்சித் தண்ணிக்கு வந்துட்டா. அடுத்த வாரம் டாக்டரம்மாகிட்ட போவணும்."

"ஒண்ணும் மாத்தலயே அண்ணாச்சி..." என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் செல்வியே மெதுவாகப் படியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். கோழிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மாமா, கோழிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. நல்லாத்தானே இருக்கு?"

"அதான் கேக்குறேன். ஏன் நல்லாயிடுச்சு?"

எனக்குப் புரியவில்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மொத நாளே கண்டுபிடிச்சிட்டேன் மாமா. நெத்திலி. அப்பப்போ இறால். ஒரு நாள் வவ்வால் மீன்கூட வந்த மாதிரி இருந்துச்சு. நான் இந்த ஊர்ல பொறந்தவ. மாமியார் வீடு சிவகாசி. அங்க மீனுக்கு ஏங்கி ஏங்கி, அம்மா வீட்டுக்குப் போய் சாப்பிட்டுக்கலாம்னு வந்தா... இங்க வேண்டுதல்! உங்க முட்டைய வச்சித்தான் சோறே எறங்குச்சு."

"அம்மாவுக்கு வாசம் தெரியலயா?"

"கேட்டாங்க. கடல்காத்து படுற கோழி, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன். அவங்க பொறந்த ஊர்ல கடல் ஏது? நம்பிட்டாங்க."

"வேண்டுதல்மா..."

"அம்மா முட்டை சாப்பிடலாம்னாங்க. நான் முட்டைதானே சாப்பிட்டேன்? கோழி என்னத்த சாப்பிட்டுச்சுன்னு அம்மன் கேட்டா, கோழி பதில் சொல்லட்டும்."

இத்தனை வருஷ யூனியன் அனுபவத்தில் இப்படி ஒரு வாதத்தை நான் எந்த லேபர் கோர்ட்டிலும் கேட்டதில்லை. நேராக எல்லம்மாக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"இன்னா நைனா? இப்ப மட்டும் என் மீனு மணக்குதா?"

"மணக்குதுக்கா."

"நல்லா சொல்லு. தெருவுக்குக் கேக்கட்டும்."

சொன்னேன். தெருவுக்குக் கேட்டது. மறுநாள் காலை கூடை இறங்கியது. விஷயத்தைக் காதில் போட்டதும், "புள்ளத்தாச்சிப் பொண்ணு ஆசைப்பட்டுச்சின்னு அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா, கஸ்மாலம்!" என்று என்னைத் திட்டிவிட்டு, விற்க வைத்திருந்த நல்ல நெத்திலியிலேயே ஒரு கை அள்ளிப் போட்டார். ஸ்டிரைக் முழு வெற்றி. சமரச உடன்படிக்கை கையெழுத்தானது. தோற்றது நிர்வாகம் மட்டும்தான்.

கொஞ்ச நாளில் காலித் தட்டு வந்தது. ரசமும் சோறும் காலியான தட்டு. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் படுக்கப் போட வேண்டிய அவசியம் வரவில்லை. நாள் தப்பாமல் செல்விக்குப் பெண் குழந்தை, கொழுகொழுவென்று, சுகப்பிரசவம். அண்ணாச்சி கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோழி எத்தன வேணும்னாலும் வளத்துக்கோங்க தம்பி. நான் வாயே தொறக்க மாட்டேன்."

ஆக, ரயிலில் கேட்ட நண்பருக்குப் பதில்: ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. கோழி வளர்க்க நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நாம் அதற்கு என்ன கொடுக்கிறோமோ, அதையே நமக்கு ஓடு போட்டுத் திருப்பிக் கொடுக்கும். மனுஷனைவிட நாணயமான பிராணி.

போன ஞாயிற்றுக்கிழமை, தீட்டு கழிந்து கோயிலுக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்த கையோடு, மதினி மாடியில் மீன் குழம்பு வைத்தார். எத்தனையோ மாதத்துக்கப்புறம் வைக்கிற முதல் குழம்பு. கொதி வந்ததும் கரண்டியால் எடுத்து மோந்து பார்த்திருக்கிறார் போல. கீழே முருங்கை மரத்தடியில் நின்றிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏட்டி செல்வி, இங்க வா! இது என்னட்டி... மீனுல முட்டை வாசம் அடிக்கி?"