கோட்டைத் தோட்டத்தில் ஒரு சர்வே கல்

"நவம்பர் 12, புதன். படிவம் முழுவதும் நிரப்பியாயிற்று. ஒரு கட்டம் மட்டும் காலி." என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. சாதாரணமாக நான் மழை பெய்த நேரம், ரயில் தாமதமான நிமிடம் எல்லாம் குறித்து வைப்பவன். அன்று அதற்குமேல் எழுத ஓடவில்லை. ஜப்பானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர், அது கிடைத்த பிறகு தன் ஹொன்செகி எதுவாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஹொன்செகியைத் தமிழில் பூர்வீகம் என்று சொல்லலாம். இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசாங்கத்தில் ஒரு பதிவேடு உண்டு; அந்தப் பதிவேடு எந்த இடத்தின் பெயரில் இருக்கிறதோ அதுதான் அந்தக் குடும்பத்தின் ஹொன்செகி. அது வசிக்கும் வீடாகவோ பிறந்த ஊராகவோ இருக்க வேண்டியதில்லை. நாட்டுக்குள் மனை எண் உள்ள எந்த இடத்தையும் எழுதலாம். அலுவலகத்தில் இதை விளக்கிய அதிகாரி, "சிலர் கோட்டையின் எண்ணை எழுதுவார்கள். நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்ததற்குக் காரணம் கேட்பதுபோல் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

காரணத்தை அவரிடம் சொல்லியிருந்தால் மாலை வரை ஆகியிருக்கும். என் அப்பா கீழ்பென்னாத்தூர் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னார் இந்த ஊர்க்காரர்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலையில் ஒரு பகுதி. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒருவர் வீட்டுக்கே வந்து நின்றார். எங்கள் ஊரில் பதினாறு வருடமாகக் கடை வைத்திருந்தவர். மகளுக்குக் கல்லூரியில் இடம் வாங்கச் சான்று வேண்டும், பூர்வீகம் இந்த ஊர் என்று போட்டுவிட்டால் போதும் என்றார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டார், காபி கொடுக்கச் சொன்னார், கடைசியில் சொன்னார்: "பதினாறு வருஷமா இங்க இருக்கீங்கன்னு எழுதித் தரேன். பொறந்த ஊர மாத்தி எழுதற அதிகாரம் எனக்கு இல்லீங்க. கலெக்டருக்கும் இல்ல." அந்த மனிதர் காபியைத் தொடாமல் போனார். அப்பா அதைப் பெருமையாகவோ வருத்தமாகவோ பிறகு ஒருநாளும் பேசியதில்லை. அவருக்கு அது ஒரு பதிவு, அவ்வளவுதான்.

அந்த அப்பா நவம்பர் 16 அன்று இங்கே வந்து இறங்கினார். அம்மாவுக்கு முழங்கால் வலி; அவர் ஊரில், வேங்கிக்கால் வீட்டிலேயே தங்கிவிட்டார். கார்த்திகை தீபத்துக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது அப்பாவின் ஒரே நிபந்தனை. அவர் இருக்கும் இரண்டு வாரத்துக்குள் விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். மகள் படிப்பது இங்கே, வேலை இங்கே, இனி திரும்பப் போவதில்லை என்பது எனக்கும் மனைவிக்கும் தெரிந்து வெகுநாளாகிறது. இருந்தும் அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தக் கட்டத்தை என்னால் நிரப்ப முடியாது என்பதும் தெரியும். மூன்று முறை வாயெடுத்து, மூன்று முறையும் வேறு ஏதோ பேசினேன். நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, அவரைக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். எழுதப்போகும் இடத்தைக் காட்டிவிட்டுச் சொன்னால் எளிதாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

எங்கள் நகரத்துக் கோட்டை, பழைய மரக்கட்டு இன்னும் நிற்கும் சிலவற்றில் ஒன்று. உள்ளே போகக் காலணியைக் கழற்ற வேண்டும். கழற்றியதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போக வேண்டும். வாசலில் இருந்த பெண் குனிந்து பையை நீட்டினார். அப்பாவும் குனிந்து வாங்கிக்கொண்டார். நான்காக மடித்து ஸ்வெட்டர் பைக்குள் வைத்தார். பிறகு, நான் வாங்கிக் கொடுத்திருந்த ஷூவையும் காலுறையையும் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே நடந்தார்.

"அப்பா, ஷூவ பையில போட்டு எடுத்துனு வரணும்."

"செருப்ப கையில புடிச்சினு உள்ள போறதா? இது இன்னாடா பழக்கம்? ராஜா இருந்த எடம்னு சொன்ன."

"அந்த ராஜா செத்து எவ்வளவோ வருஷம் ஆச்சுப்பா."

"அதனால? அது அங்கியே இருக்கட்டும். இவங்க ஊர்லதான் யாரும் தொடமாட்டாங்கன்னு நீயே சொல்லியிருக்க."

கோபுர வாசலில் செருப்பை விட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் விவாதம் கிடையாது. எனக்கும் பழக்க தோஷம்தான். ஒரு நொடி என் கையிலிருந்த பையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. படிகள் ஏணிபோல் செங்குத்தானவை. எழுபத்தொரு வயதில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேல்தளம் வரை ஏறினார். சன்னல் வழியே நகரத்தைப் பார்த்துவிட்டு, "மலை எங்க?" என்று கேட்டார். மேற்கே தூரத்தில் இருந்த ஒரு வரிசையைக் காட்டினேன். "இதெல்லாம் தள்ளிப் போய் நிக்குது" என்றார். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் மலை முகத்துக்கு எதிரே வந்து நிற்கும். மலையைத் தேடிப் பார்க்கும் ஊர் அவருக்குப் புதிது. அங்கேயே சொல்லிவிடலாம் என்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நகரக் காத்திருந்தது.

இறங்கி வெளியே வந்தபோதுதான் என் தவறு புரிந்தது. வெளியேறும் வழி வேறு. பன்னிரண்டு வருடமாக இந்த நகரத்தில் இருந்தும் கோட்டைக்குள் அதற்குமுன் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், மறந்துவிட்டது; அப்பாவிடமும் அதைச் சொன்னேன். நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அப்பாவின் ஷூ இருந்தது. இடப்பக்கமாகப் போனால் ஐந்து நிமிடம், நானே போய் எடுத்து வருகிறேன் என்று சொல்லி, அவரை அங்கேயே உட்காரச் சொன்னேன்.

"வலமா போனா?"

"தோட்டத்த முழுக்கச் சுத்தணும். பத்து நிமிஷம் ஜாஸ்தி."

"அப்ப வலமாவே போலாம். பாதி சுத்தியாச்சு, மீதிய எதுக்கு வுடணும்?"

வெறுங்காலோடு சரளைக்கல் பாதையில், கோட்டை வலப்பக்கம் இருக்கும்படி அவர் நடக்கத் தொடங்கினார். அடி அண்ணாமலை வழியாகப் பதினான்கு கிலோமீட்டர் மாதாமாதம் கிரிவலம் நடக்கும் கால்களுக்கு அது ஒன்றுமில்லை. குளிர்தான் அதிகம். தோட்டத்தில் பைன் மரங்களின் இடுப்பில் வைக்கோல் பாயைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முதல் மரத்தைப் பார்த்ததும் அப்பா நின்று கைகூப்பினார். பச்சை மேல்சட்டை போட்ட வழிகாட்டி அம்மையார் ஒருவர் அவசரமாக எங்களிடம் வந்தார். குளிர்காலத்தில் பூச்சிகள் கதகதப்புக்காக அந்த வைக்கோலுக்குள் வந்து ஒடுங்கும், வசந்தம் வருமுன் அவிழ்த்து எரித்துவிடுவார்கள் என்று விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன்.

"பூச்சிக்கு ரூம் போட்டுக் குடுத்துட்டு அப்புறம் கொளுத்திடுவாங்களா? சரியான ஆளுங்கடா." கூப்பிய கையை அவர் இறக்கவில்லை. "பரவால்ல. கும்புட்டது கும்புட்டதுதான்."

அம்மையார் அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், இவர் துறவியா, இது விரதமா என்று கேட்டார். அப்பாவுக்குச் சொன்னேன்.

"நான் வி.ஏ.ஓ.னு சொல்லு" என்றார் அப்பா.

கிராம அதிகாரி என்று சொன்னேன். அம்மையார் என்ன புரிந்துகொண்டாரோ, முன்னைவிட ஆழமாகக் குனிந்தார். அந்தக் காலத்து ஊர்த்தலைவர் வம்சம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்பாவும் பதிலுக்குக் குனிந்தார். இருவருக்கும் திருப்தி.

குளத்தைத் தாண்டியதும் ஆள் இல்லாத ஒரு வளைவு வந்தது. அங்கே சொன்னேன். குடியுரிமை, விண்ணப்பம், கட்டம் எல்லாவற்றையும், அலுவலக அறிக்கை படிப்பதுபோல், நடந்துகொண்டே சொல்லி முடித்தேன். அப்பா நடையை நிறுத்தவில்லை.

"பாஸ்போர்ட்ட இன்னா பண்ணுவ?"

"கெடச்சப்புறம் நம்ம தூதரகத்துல திருப்பிக் குடுத்துடணும்."

"அப்ப ஊருக்கு வர்றதுன்னா?"

"அதுக்குத் தனியா ஒரு அட்டை இருக்குப்பா. எப்ப வேணா வரலாம்."

"அட்டையக் காட்டிட்டு வருவ." அவர் நின்றார். "அந்தக் கட்டத்துல இன்னா எழுதப்போற?"

"இந்தக் கோட்டையோட நம்பர எழுதலாம்னு இருக்கேன்."

"இதுவா உன் பூர்வீகம்? இத்தன வருஷத்துல ஒரே ஒருவாட்டி வந்திருக்க. வெளிய போற வழிகூட உனக்குத் தெரியல."

கோபத்தில் வேறொன்று சொன்னேன். "உங்க தாத்தாவும் செங்கம் பக்கத்துலருந்து வந்தவர்தானே? நமக்குக் கீழ்பென்னாத்தூர்னு யார் எழுதினது?"

"அவுரு பஞ்சத்துல வந்தாரு. நீ சாப்ட்டுட்டு வந்தவன்."

அந்த வாக்கியத்தை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன். அயல்நாட்டில் இருக்கும் நம்மில் பலரும், போய்த்தான் ஆக வேண்டியிருந்தது என்று ஒரு கதை வைத்திருக்கிறோம். என்னுடையது அப்படி இல்லை. நல்ல வேலை கிடைத்தது, வந்தேன். அப்பா சொன்னது உண்மை, அதனால்தான் வலித்தது. அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் போனேன். கட்டம் காலியாகவே இருக்கட்டும், விண்ணப்பத்தைக் கொடுக்கவே வேண்டாம் என்று மனத்துக்குள் வாக்கியம்கூட அமைத்துவிட்டேன்.

தோட்டத்தின் வேலியோரம், ஒரு பைன் மரத்தடியில், அப்பா சட்டென்று குனிந்தார். கல் குத்திவிட்டது என்று ஓடினேன். அவர் கையால் சருகைத் தள்ளிக்கொண்டிருந்தார். தரையோடு தரையாக ஒரு சிமென்ட் முளை; அதன் தலையில் சிவப்புச் சாயத்தில் ஒரு சிலுவைக்கோடு.

"டேய், சர்வே கல்லுடா!"

அவர் குரல் அந்த ஒரு வாரத்தில் அப்படி எழும்பி நான் கேட்கவில்லை. முழந்தாளிட்டு உட்கார்ந்து, கோட்டின் நான்கு முனைகளும் எந்தத் திசையில் போகின்றன என்று விரலால் அளந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலியைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். "பாரு, சாயம் புதுசு. யாரோ வருஷா வருஷம் வந்து பாக்கறான். நம்ம ஊர்ல பாதிக் கல்ல புடுங்கித் துணி தொவைக்கப் போட்டுனு இருக்காங்க." பிறகு எழுந்து, கால்களைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வைத்து நின்று, புகைப்படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வெறுங்கால், ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, பின்னால் வெள்ளைக் கோட்டை.

"இந்தப் பக்கம் இன்னா நம்பர், அந்தப் பக்கம் இன்னா நம்பர்?"

"தெரியலப்பா."

"தெரியாமலே எழுதப்போனியா?" முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், மெதுவான தட்டு இல்லை. "எழுதறதுன்னா சரியா எழுது. விசாரிச்சுட்டு எழுது. ஒருவாட்டி தப்பா ஏறிடுச்சுன்னா திருத்தறதுக்குள்ள உயிர் போயிடும். கீழ்பென்னாத்தூர்ல உன் பேர நான் அடிக்கல. அது அங்க இருக்கும்."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கத் துணிவும் இல்லை.

வாசலுக்கு வந்தபோது ஷூ சுவரோரம் இல்லை. பை நீட்டிய பெண் அதை ஒரு நாற்காலிமேல், முனை வெளியே பார்க்கும்படி சேர்த்து வைத்து, காலுறைகளை மடித்து உள்ளே செருகி, ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தார். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டார். "மறந்துவிட்டுப் போன பொருள். காலை 10:40. மேற்கு வாசல்."

"மறக்கல, வுட்டுட்டுப் போனேன்னு சொல்லு" என்றார். நான் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை, மன்னிப்புக் கேட்டார். அப்பா அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "டைம் போட்டு எழுதியிருக்கா பாரு. உன் டைரி மாதிரி." ஷூவின் கயிறு கட்டக் குனிந்தவரை நான் உட்கார வைத்துக் கட்டிவிட்டேன். பாதங்கள் ஐஸ்கட்டிபோல் இருந்தன.

அவர் நவம்பர் 30 அன்று ஊருக்குப் போனார். டிசம்பர் 9 அன்று நான் கோட்டையின் மனை எண்ணைக் கட்டத்தில் எழுதி விண்ணப்பத்தைக் கொடுத்தேன். நகராட்சி இணையப் பக்கத்தில் கோட்டைக்கு ஒரே ஒரு எண்தான் போட்டிருக்கிறது, அதைத்தான் எழுதினேன். மறுநாள் அப்பாவிடமிருந்து, வெள்ளைத்தாளில் எழுதிப் புகைப்படமெடுத்து அனுப்பிய ஒரு குறிப்பு வந்தது. மேலே தேதி, இடப்பக்கம் 'வேங்கிக்கால்', நடுவில் ஒரே வரி: "நம்பர் விசாரித்தாயா? கல்லுக்கு எந்தப் பக்கம்?" அவர் கேட்பது நியாயம். தோட்டம் கோட்டையின் எண்ணுக்குள்ளேயே அடங்கியதா, அதற்குத் தனி எண் உண்டா என்பதை நிலப்பதிவு அலுவலகத்தில் வரைபடம் வாங்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். நான் இன்னும் வாங்கவில்லை. ஆகவே, அந்தப் புகைப்படத்தில் அப்பாவின் எந்தக் கால் என் பூர்வீகத்தில் இருக்கிறது, எந்தக் கால் அதற்கு வெளியே இருக்கிறது என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.