மைனஸ் வாங்கிய எண்ணெய்

மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பஸ்ஸைவிட்டு இறங்கினால், இப்போதும் எனக்கு முதலில் வருவது நாட்டு மருந்துக் கடையின் வாசனைதான். தாராவியில் எங்கள் பழைய வீட்டில் சாயங்காலமானால் அதே வாசனை இருக்கும். நொச்சி, முடக்கத்தான், சித்தரத்தை மூன்றையும் நல்லெண்ணெயில் போட்டு உம்மா காய்ச்சுவாள். கீழே பட்டறையில் பெல்ட்டுக்குத் தோல் வெட்டிவிட்டு இரும்பு ஏணியில் ஏறி வரும் வாப்பா, வீங்கிய விரல் முட்டிகளில் அதைத் தேய்த்துக்கொண்டே அன்று வந்த ஆர்டர்களைப் பற்றிப் பேசுவார். நான் சுவரோரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன்.

மூட்டுவாதம் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். விட்டுவிட்டால் விரல்கள் கோணிவிடும், பிறகு கத்தி பிடிக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார். ஆனால் மாத்திரை வயிற்றை எரித்தது. அதை நிறுத்த வாப்பாவுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

அப்போது செம்பூரில் உயிர்த்தகவலியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருட ஆய்வுக்கு வீட்டு எண்ணெயையே எடுத்துக்கொண்டேன். மூலிகைகளில் உள்ள மூலக்கூறுகளைப் பட்டியலிடுவேன். மூட்டில் வீக்கத்தைத் தூண்டும் புரதத்தில் ஒரு பள்ளம் உண்டு. ஒவ்வொரு மூலக்கூறும் அதில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்று கணினி கணக்கிட்டு ஓர் எண் கொடுக்கும்.

"எண்ணெய் பாஸாயிட்டுன்னா சொல்லு மக்கா. அன்னைக்கே மாத்திரைய விட்டிருவேன்" என்றார் வாப்பா.

"ஆமா, இவுக வெரலுக்குக் கம்ப்யூட்டரு பொறுப்பு" என்றாள் உம்மா.

முடிவுகள் வந்த காலையில், நான் குளித்துக் கிளம்பும் இடைவெளியில், திறந்திருந்த திரையை வாப்பா பார்த்துவிட்டார். எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஏணியில் பாதி ஏறும்போதே ஏதோ குறைவது தெரிந்தது. வாசனை இல்லை. வாப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாப்பா, எண்ணெய் தேய்க்கலியா?"

"எதுக்கு? எல்லாமே மைனஸ்ல கெடக்கு. ஏக்தம் ஃபெயிலு."

"ஏளா, படிச்சுப் படிச்சு அவுக எண்ணெயயும் புடுங்கிட்டியே" என்றாள் உம்மா.

என் துறையில் எண் எவ்வளவு மைனஸில் இறங்குகிறதோ அவ்வளவு நல்லது, அவ்வளவு உறுதியான பிடிப்பு என்று அர்த்தம். சித்தரத்தைதான் எல்லாவற்றிலும் கீழே இறங்கியிருந்தது. அதைச் சொன்னால் மாத்திரை போய்விடும். சொல்லாவிட்டால் எண்ணெய் போய்விடும். பையைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை யோசித்தேன்.

"மைனஸ்னா இதுல நல்லது வாப்பா. ஆனா ஒண்ணு இருக்கு. அது கம்ப்யூட்டருக்குள்ள பொருந்துது, அவ்வளவுதான். தேய்ச்சா தோலுக்குள்ள போகுமா, மூட்டுக்குப் போய்ச் சேருமா, சேந்தாலும் வீக்கம் வத்துமா, ஒண்ணும் இதுல தெரியாது."

வாப்பா விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார்.

"அப்ப, பக்கிளு ஓட்டைக்குச் சரியா இருக்கு. பெல்ட்ட இன்னும் யாரும் இடுப்புல கட்டிப் பாக்கல."

"அதேதான்."

"அத மொதல்லயே சொல்லலாம்லா. நாள் பூரா மொகத்தத் தூக்கி வச்சிட்டு இருந்தேன்."

உம்மா அப்போதே அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடும்படி மாற்றி, வயிற்றுக்கும் ஒன்று எழுதினார். எண்ணெயை மேலே தேய்ப்பதில் தவறில்லை என்றார். வாசல் தாண்டும்போது, "மாத்திரை, எண்ணெய், ரெண்டு பேரும் வேலைக்கு இருக்கட்டும்" என்றார் வாப்பா.

இப்போது நான் காட்கோபரில் இருக்கிறேன். இந்த வீட்டில் கதவைச் சாத்தினால் எந்த வாசனையும் இல்லை. வேலைக்குக் கிளம்பும் முன் தாராவிக்கு ஃபோன் செய்வேன். கேட்பது எப்போதும் ஒரே வரிசைதான்.

"மாத்திரை போட்டியளா?"

"போட்டேன்."

"எண்ணெய்?"

"உம்மா காய்ச்சி வச்சிருக்கா."

"கை எப்படி இருக்கு?"

பின்னால் தோல் வெட்டும் சத்தம் கேட்கும். அது அவர் வெட்டுவதா, கூலியாள் வெட்டுவதா என்று காது கொடுப்பேன். பதில் சொல்வதற்காகச் சத்தம் நிற்கும். அவர்தான்.

"மைனஸ்" என்பார்.