ஹலோ அக்காவின் காதுப் பரீட்சை

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்கிறார் ஹலோ அக்கா. வந்தவர் திரும்புகிறார். "இப்ப இந்தப் பக்கம்." அதற்கும் திரும்புகிறார். கழுத்து வலிக்குப் பார்க்கிற இடத்துக்குத் தவறி வந்துவிட்டோமோ என்று அவர் முகத்தில் ஒரு சந்தேகம். அக்கா அந்த முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. காதைத்தான் பார்க்கிறார். "உங்களுக்கு எடது காது சின்னது. நீங்க கேக்கற மாடல் நிக்காது. ரெண்டு நாள்ல ஒண்ணைத் தொலைச்சுட்டு வந்து என்னைத் திட்டுவீங்க. இதைப் பாருங்க."

இப்படித்தான் அவர் இயர்பட்ஸ் விற்கிறார். முகம் அவருக்கு மறந்துவிடும், காது மறக்காது. முதல் முறை நான் போனபோது, பின்னால் நாலு பேர் நிற்கையில், "தம்பிக்குக் காது நல்ல அகலம், பெரிய ரப்பரை எடுக்கணும்" என்று உரக்கச் சொன்னார். இத்தனை வயதுவரை என் காதைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கோபித்துக்கொண்டு போயிருக்க வேண்டியவன்தான். இயர்பட்ஸ் நுனியில் மாட்டுகிற அந்த ரப்பர் கச்சிதமாகப் பொருந்தியதால் வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன்.

கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மேலே டியூஷன் வகுப்பு. வகுப்பு விட்டால் படியில் ஒரு படையே இறங்கும். தொங்கவிட்டிருக்கிற சார்ஜர் வயர்கள் எல்லாம் ஆடும். உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் ஃபேன், பின்பக்கம் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கலாம், மூச்சை அடக்கிக்கொண்டால். அக்காவைப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் கேட்பது அவர் குரல்தான். "ஹலோ... ஹலோ... கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று நாள் முழுவதும் எதையாவது காதில் மாட்டிக்கொண்டு யாரிடமாவது கேட்டுக்கொண்டிருப்பார். தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது.

தன் காதில் போட்டுப் பார்க்காத எதையும் அவர் அலமாரியில் வைப்பதில்லை. மொத்த வியாபாரி கொண்டுவந்து கொட்டுகிற சரக்கிலிருந்து ஒன்றைப் பிரித்து மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்டு குனிந்து கடையைப் பெருக்குவார். மொட்டை மாடியில் துணி உலர்த்துவார். "காதுல நிக்கணும் தம்பி, சொன்ன சொல்லு மாதிரி. கீழ விழுந்தா அப்புறம் சாக்கடைதான் பாட்டு கேக்கும்." அடுத்தது சத்தப் பரீட்சை. அவர் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் அந்த வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பின்னால் முப்பது பிள்ளைகள் போடுகிற கூச்சலுக்கு நடுவே பாட்டுக் கேட்பார். பாட்டின் வார்த்தை புரிந்தால் அரைப் பாஸ். "என் பேச்சைக் கேக்காம இருக்கறதுக்கு இவளுக்கு ஒரு தொழிலே கெடைச்சிருக்கு" என்பது கணவரின் ஓயாத புலம்பல்.

மீதி அரைப் பாஸ் தங்கை கையில். வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்க அக்கா தங்கைக்குப் போன் போடுவார். தங்கை பிறவியிலேயே குறை கண்டுபிடிக்கிறவர். "கிணத்துக்குள்ளேயிருந்து பேசற மாதிரி இருக்கு", "மூக்கடைச்சவ மாதிரி இருக்கே", "வை போனை" என்று தீர்ப்புகள் வரும். அந்த வாயிலிருந்து "பரவாயில்லை" என்று ஒரு சொல் வருவது குதிரைக் கொம்பு. அது வந்துவிட்டால் சரக்கு அலமாரி ஏறும். வராதவை எல்லாம் ஸ்டூலுக்கு அடியில் இருக்கிற அட்டைப்பெட்டிக்குப் போகும். "பொறந்த வீட்டுப் பெட்டி" என்று அதற்குப் பெயர். மொத்த வியாபாரி அடுத்த முறை வரும்போது அவை எல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

கொஞ்ச நாளாக எல்லோருக்கும் கண்ணாடி மாடல்தான் வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக். மாத்திரை அளவில் ஒரு பேட்டரி, தலைமுடி போலச் செம்புக் கம்பி, நகத்தில் பாதி அளவுக்கு ஒரு பச்சைத் தகடு. சார்ஜ் ஏற்றுகிற பெட்டியின் மூடியும் கண்ணாடி. விலை குறைவு, பார்க்க அழகு. அக்காவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "உள்ள தெரிஞ்சா யோக்கியன்னு நெனைச்சுக்கறாங்க. அழகு சோறு போடுமா?" ஆனால் பரீட்சை என்று வந்தால் அவர் ஓரவஞ்சனை செய்யமாட்டார். போட்டுப் பார்த்தார். இரண்டு நாளில் ஒரு நல்ல குணத்தைக் கண்டுபிடித்தார். "அழுக்கு தெரியுது தம்பி! மத்ததுல அழுக்கு இல்லாம இல்ல, தெரியாம இருக்கு. இது மானத்தை வாங்குது, அதனால தொடைச்சு வெக்கறாங்க. காதுக்கு நல்லது."

கண்ணாடியில் இரண்டு மாடல்கள் வந்தன. இளம்பச்சை நிறத்தில் ஒன்று, புகை நிறத்தில் ஒன்று. பச்சை, மிக்ஸியையே விழுங்கிவிட்டது. தங்கை "பரவாயில்லை" என்றதோடு நிற்காமல், "எனக்கு ஒண்ணு எடுத்து வை" என்றும் சொல்லிவிட்டார். வரலாறு காணாத வெற்றி. புகை நிறத்துக்குப் படுதோல்வி. "நான் உன்னோட பேசறேனா, உங்க வீட்டுக் குழாயோட பேசறேனா?" என்று கேட்டுவிட்டுத் தங்கை வைத்துவிட்டார். அது பொறந்த வீட்டுப் பெட்டிக்குள் போனது. பச்சை, தெருவில் பாதிக் காதுகளில் ஏறியது.

நான் கண்ணாடி மாடல் கேட்டுப் போனது எனக்காக இல்லை, என் அண்ணனுக்காக. அண்ணன் வேறு ஊரில் இருக்கிறான். விளையாட்டு வாத்தியார். மைதானத்தின் ஒரு கோடியில் நின்று கூப்பிட்டால் மறுகோடியில் இருக்கிறவன் ஓடிவரச் செருப்பைத் தேடுவான். விசில் அவனுக்கு வெறும் அலங்காரம். போன வருடம் தொண்டையில் பெரிய ஆபரேஷன். ஆள் பிழைத்தான். குரல் போய்விட்டது. இப்போது அவன் பேசினால் காற்றுதான் வரும். அந்தக் காற்றில் சொற்களின் வடிவம் இருக்கும், உற்றுக் கேட்டால். ஆபரேஷனில் ஒரு பக்கத்துத் தோளும் வலுவிழந்துவிட்டதால் போனை வெகுநேரம் காதருகே பிடிக்க முடியாது. ஸ்பீக்கரில் போட்டால் குரல் அந்த அறையைத் தாண்டுவதில்லை.

முன்பெல்லாம் தினமும் சாயங்காலம் நாங்கள் போனில் சண்டை போடுவோம். எதைப் பற்றியும் போடுவோம். பிறகு "அப்புறம் பேசறேன்" என்று அவன் சீக்கிரம் வைக்க ஆரம்பித்தான். பிறகு "சரி" என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. அண்ணி ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "வீட்லயும் பேசறதில்லைப்பா. ஒவ்வொண்ணுக்கும் நாங்க 'என்ன, என்ன'ன்னு கேட்டா அவருக்குக் கோவம் வருது. இனிமே ஊமையாவே இருந்துட்டுப் போறேன்னு எழுதிக் காட்டறார். டாக்டர் என்னடான்னா, பேசப் பேசத்தான் இருக்கறது நிலைக்கும், விட்டா அதுவும் போயிடும்ங்கறார்."

அக்காவிடம் எல்லாம் சொன்னேன். கண்ணாடி மாடல்தான் வேண்டும் என்றும் சொன்னேன். மூடிய பெட்டிக்குள் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியாவிட்டால் அண்ணன் ஒன்றைத் தொலைத்துவிடுவான். தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டர்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவனுக்கு, உள்ளே தெரிகிற ஒரு பொருள் பிடிக்கும் என்று தோன்றியது. "அண்ணன் காது உங்க காது மாதிரியா?" என்று மட்டும் கேட்டார் அக்கா. பெரிய ரப்பர் மாட்டி, பச்சையை எடுத்துக் கொடுத்தார். "கண்ணை மூடிட்டு அனுப்புங்க. என் தங்கச்சியே பாஸ் பண்ணினது."

அனுப்பினேன். பார்சல் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் கூப்பிட்டேன். அண்ணன் எடுத்தான். அதன் பிறகு ஒன்றுமே இல்லை. மூச்சுக்கூடக் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. "அண்ணா, பேசு" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மெசேஜ் வந்தது: "இவ்வளவு நேரம் பேசினேன். விடுடா. இனி வேண்டாம்."

மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றேன். நான் போட்ட சத்தத்தில் மேலே டியூஷனில் பாடம் நின்றிருக்கும். "பாஸ்னு சொன்னீங்களே அக்கா! அவன் வாயே மூடிட்டான்!" வேறு யாராவது இருந்தால் உங்கள் போனில்தான் கோளாறு என்று சொல்லியிருப்பார்கள். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்னை எதிரே இருக்கிற டீக்கடையில் போய் நிற்கச் சொன்னார். தான் ஒரு பச்சையை மாட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், எனக்குப் போன் போட்டார். நான் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். சுத்தமான அமைதி. சற்றுப் பொறுத்து வெளியே வந்து என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் வரலைக்கா."

"உங்க அண்ணன் மாதிரி காத்துக் குரல்ல பேசிக்கிட்டே இருந்தேன் தம்பி." ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "சுத்தியிருக்கற சத்தத்தை எல்லாம் அடக்குன்னு இதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இது அவர் குரலையும் சத்தம்னு நெனைச்சு அடக்கிடுது." பிறகு தனக்கே சொல்லிக்கொள்வது போல, "என் பரீட்சைல எல்லாரும் கத்தறவங்கதான். நான் கத்தறேன், தங்கச்சி கத்தறா, வேன்ல பிள்ளைங்க கத்துது. மெதுவாப் பேசறவங்களுக்கு நான் பரீட்சையே வைக்கலையே" என்றார்.

என் அண்ணன் குரலை ஒரு பொத்தான் அளவுப் பிளாஸ்டிக் இரைச்சல் என்று தள்ளிவிட்டது என்பதை நினைக்க எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் அக்கா மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. தப்பு எங்கே என்று தன் பக்கத்திலேயே தேடுகிற ஒருவர் மேல் எப்படிக் கோபித்துக்கொள்வது?

ஷட்டரைப் பாதி இறக்கினார். வியாபார நேரம். வந்தவர்களை எல்லாம் "அப்புறம் வாங்க" என்று அனுப்பினார். அலமாரியில் இருந்த ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். நான் டீக்கடையில் ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் வெளியே எட்டிப் பார்க்கும்போதெல்லாம் இல்லை என்று கையை ஆட்டினேன். சிலவற்றில் பாதிச் சொல் வந்தது, மீதியைக் காணோம். அலமாரி தீர்ந்தது. கடைசியில் அக்கா ஸ்டூலை நகர்த்திவிட்டுப் பொறந்த வீட்டுப் பெட்டியை இழுத்தார்.

அடுத்த அழைப்பை எடுத்ததும் முதலில் டேபிள் ஃபேன் கேட்டது. படியில் யாரோ இறங்குவது கேட்டது. எங்கேயோ ஒரு இருமல். இவ்வளவுக்கும் நடுவே, பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்வது போல, "தம்பி, நான் உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கேன், தெரியுதா?" என்று ஒரு காற்றுக் குரல்.

"தெரியுதுக்கா! நல்லாத் திட்டுங்க!" என்று நான் கத்தினேன். டீக்கடைக்காரர் என்னிடமிருந்து கண்ணாடி டம்ளரைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

புகை நிறம்தான் அது. தங்கை தூக்கி எறிந்தது. எதையும் அடக்கத் தெரியாத அசடு. "பாட்டுக்கு இது சுமார்தான், உள்ளதைச் சொல்லிடறேன்" என்றார் அக்கா, பஞ்சால் துடைத்துக்கொண்டே. "ரோட்டுல போட்டா ஊரே உள்ள வந்துடும். ஆனா வீட்ல உக்காந்து பேசறவருக்கு இதுதான். ஊரையும் உள்ள விடுது, உங்க அண்ணனையும் உள்ள விடுது." மறுபடியும் பெரிய ரப்பரை மாட்டினார். மாட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அன்றே அதை அண்ணனுக்கு அனுப்பினேன். அந்தப் பார்சல் போய்ச் சேர்வதற்குள் அக்கா தன் பரீட்சையையும் திருத்திவிட்டார். இப்போது எந்தச் சரக்கு வந்தாலும் திரைக்குப் பின்னால் போய்க் கிசுகிசுக்கிறார். திரை மட்டும் அசைவதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் மிரண்டுபோகிறார்கள். பச்சை வாங்கியவர்களைத் தெருவில் பார்த்தால் நிறுத்தி, "உங்க வீட்ல மெதுவாப் பேசறவங்க யாராவது இருக்காங்களா? இருந்தா மாத்திக் குடுக்கறேன்" என்கிறார். காதை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறார் என்பதால், ஒன்றிரண்டு பேர் முக்காடு போட்டுத் தப்பித்திருக்கலாம்.

பார்சல் கிடைத்துவிட்டது என்று அண்ணி சொன்ன அன்று நான் கடைக்குப் போனேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. அங்கே நின்றும் பெயரை அழுத்தாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மணி அடித்தது. அண்ணனே கூப்பிட்டான். அவனாகக் கூப்பிட்டு எத்தனை மாதம்!

முதலில் அவன் வீட்டு ஃபேன் கேட்டது. பாத்திரம் உருட்டுகிற சத்தம், அண்ணியின் டிவி. அந்த ஊர் வீடு முழுவதும் என் காதுக்குள் வந்துவிட்டது. பிறகு, "டேய்."

நான் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"என்னடா சத்தத்தையே காணோம்? ஊமையாயிட்டியா? நம்ம வீட்ல ஒரு ஆள் போதும்டா."

அழுதேன். கூட்டம் நிற்கிற கடையில், வெட்கமில்லாமல் அழுதேன். அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் திட்டினான். காதில் விழுந்த ஒவ்வொரு வசவும் இனித்தது. சட்டை, வேலை, தொப்பை என்று பழைய பாக்கி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு, "அந்தக் கடைக்காரம்மா இருக்காங்களா? குடு அவங்ககிட்ட" என்றான். அக்காவுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வது என்று சில நாளாக யோசித்திருந்தேன். அவன் என்னை முந்திக்கொண்டான்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். அந்தப் பக்கம் அண்ணன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை இருவருமே சொல்லவில்லை. நீளமாகப் பேசினான். இடையில் யாரோ சார்ஜர் கேட்டார்கள், அக்கா நிமிரவில்லை. "ஏதாவது சொல்லுங்கக்கா, நீங்க கேக்கறீங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"இருங்க தம்பி, அவர் பேசட்டும்" என்று உதட்டசைவில் சொல்லிவிட்டு, எதிரே அண்ணனே நின்றுகொண்டிருப்பது போல, போனுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.