பரமத்தி சாலையில் வண்டியை நிறுத்தியவர்

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல ஜேடர்பாளையம் கடைவீதி முக்கில் பையோடு நின்றுகொண்டிருந்தேன். பையில் ஒரு போர்வையும் இட்லிப் பொட்டலமும் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் இருந்தன. வேன் வரவில்லை. போன்தான் வந்தது. வேன் ஓட்டும் லூர்துமேரி அம்மாவின் மகள் ஜெனிட்டா பேசினார்.

“மாமா, அம்மா விடியக்காலம் போயிட்டாங்க. நெஞ்சு வலிங்கறாங்க. நீங்க ரோட்டுல நின்னுட்டு இருப்பீங்கன்னுதான் மொதல்ல உங்களுக்குக் கூப்புட்டேன்.”

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, பஸ் ஏறி நாமக்கல் போனேன். இழவு என்றாலும் எங்களால் டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாது. வாரத்தில் மூன்று நாள் மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும்; இல்லையென்றால் மூச்சு முட்டும். அன்றைக்கும் படுத்தேன். பக்கத்துக் கட்டில்களில் ராசப்பனும் பழனியம்மாவும் படுத்திருந்தார்கள். அவர்களுக்கும் செய்தி தெரிந்திருந்தது. எங்களில் யாராவது ஒருவர் போவோம், மேரியம்மா மாலை வாங்கிக்கொண்டு வருவார் என்றுதான் மூவருமே நினைத்திருந்தோம். வேனில் அதைப் பற்றிச் சிரித்துப் பேசியும் இருக்கிறோம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேரியம்மா சேலம் டவுனில் பிறந்தவர். கணவர் ஆரோக்கியசாமி போர்வெல் ரிக் வண்டியோடு வெளிமாநிலங்களில் அலைந்தவர். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது, பஸ்ஸில் ஏற்றி இறக்கி முடியாமல், மேரியம்மா தையல் மிஷினை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வண்டி ஓட்டப் பழகினார். பழைய வேன் ஒன்றை வாங்கினார். அதை முன்பு வைத்திருந்தவர் கல்யாண வாடகைக்கு ஓட்டியவர். பார்வைக்காகப் பளபளவென்று அலாய் சக்கரங்கள் போட்டிருந்தார். சீட்டு காலியாகத்தானே கிடக்கிறது என்று, அதே வார்டுக்குப் போகும் எங்கள் மூவரையும் மேரியம்மா சேர்த்துக்கொண்டார். ராசப்பன் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். பழனியம்மா கோழிப்பண்ணையில் வேலை செய்தவர். நான் நாமக்கல்லில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கவுண்டரில் நின்றே ஆயுளில் பாதியைக் கழித்தவன்.

வேன் வாங்கிய புதிதில் நடந்தது இது. பரமத்தி தாண்டியதும் முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. மேரியம்மா உடனே ஓரம்கட்டினார். நாங்களெல்லாம் கால் வீங்கி, வாய் கசந்து, எப்போது கட்டிலில் சாய்வோம் என்று உட்கார்ந்திருந்த நேரம்.

“கல்லு கில்லு மாட்டியிருக்கும். மெதுவா உருட்டிட்டுப் போயிரலாம் மேரி” என்றார் ஆரோக்கியசாமி.

“ஆமாங்க, நேரம் போனா மிஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க” என்றார் ராசப்பன்.

மேரியம்மா இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி வந்தபோது அவருடைய உள்ளங்கையில் ஒரு வீல் நட்டு இருந்தது. கையால் திருகியதும் கழன்று வந்துவிட்டதாம். இன்னொன்று ஏற்கெனவே எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

“ஊசி ஒரு மணி நேரம் கழிச்சும் போட்டுக்கலாமுங்க. சக்கரம் கழண்டுச்சுன்னா ஊசி போட்டுக்க ஆளிருக்க மாட்டோம். எல்லாரும் எறங்குங்க” என்றார்.

ஆரோக்கியசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேரியம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. நடுரோட்டில் நின்று கையை ஆட்டி, முட்டை ஏற்றிக்கொண்டு போன ஒரு டெம்போவை நிறுத்தினார். பழனியம்மாவை முன்னால் உட்காரவைத்து, எங்களைப் பின்னால் முட்டை அட்டைகளுக்கு நடுவே ஏற்றிவிட்டார். “நீ என்ன பண்ணப் போற?” என்று கணவர் கேட்டதற்கு, “வண்டிக்குக் காவல் இருக்கறேன். நீங்க போய்ப் படுங்க” என்றார். டெம்போ நகர்ந்ததும் ஆரோக்கியசாமி என் பக்கம் திரும்பி, “நானா இருந்தா ஓட்டிட்டுத்தான் போயிருப்பேன், பாத்துக்குங்க” என்றார். அதில் கோபம் இல்லை.

மறுநாள் மேரியம்மா அந்தச் சக்கரத்தை ஒரு ஆட்டோவில் ஏற்றி, கழற்றிய நட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “கடையில வேற நட்டு போட்டு இறுக்கினா போதுங்கறாங்க. ஏன் கழண்டுச்சுன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்கண்ணா” என்றார். பார்த்ததுமே எனக்குக் காரணம் தெரிந்தது. அவை பழைய இரும்புச் சக்கரத்துக்கு உரிய நட்டுகள். அவற்றின் வாய் கூம்பாக இருந்தது. அலாய் சக்கரத்தின் துளையோ கிண்ணம்போல உருண்டையாக இருந்தது. விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றதால் ஓட ஓட இறுக்கம் விட்டிருக்கிறது. அதோடு சக்கரம் தடிமனாக இருந்ததால் மரையும் போதுமான அளவு ஏறவில்லை. சொன்னேன். அவர் அப்படியே நம்பிவிடவில்லை. நட்டைத் துளையில் வைத்து, கண்ணைக் கிட்டே கொண்டுபோய், தானே திருப்பித் திருப்பிப் பார்த்தபிறகுதான் தலையாட்டினார்.

அன்றே நாமக்கல் போனோம். லாரிக்கு வேண்டியது எதுவானாலும் கிடைக்கும் ஊரில் இந்தச் சின்ன நட்டுக்கு நாலைந்து கடை ஏற வேண்டியிருந்தது. என்னால் நடக்க முடியவில்லை. கடைக்குக் கடை ஸ்டூல் கேட்டு உட்கார்ந்தேன். அவர்தான் கடைக்காரர்களிடம் சளைக்காமல் பேசிப் பொருத்தமான நட்டுகளை வாங்கினார். மரை தேய்ந்த போல்ட்டுகளையும் மாற்றினார். பட்டறையில் முதலில் கையால் மரை ஏற்றி, பிறகு எதிரெதிராக இறுக்கி, ஜாக்கியை இறக்கியபின் கடைசி இறுக்கு இறுக்கினார்கள். கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடியும் பார்க்க வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் நட்டு முடுக்கும் பானாவும் கையுமாக வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆரோக்கியசாமி அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். இனி வேன் வராது என்றே நினைத்தோம். அடக்கம் முடிந்த மறுவாரம் மேரியம்மாவிடமிருந்து போன் வந்தது. “ஏழு மணிக்கு வாரேன், ரெடியா இருங்க.” வண்டியில் ஏறியதும் பழனியம்மா அழுதுவிட்டார். “ஏஞ்சாமி, உனக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு? அந்த ஆஸ்பத்திரியத் திரும்பவும் பாக்கோணுமா?” என்றார். “ஊட்டுல உக்காந்து அவரோட சட்டையப் பாத்துட்டு இருக்கறதுக்கு இது தேவலாமுங்க” என்றார் மேரியம்மா. முன் சீட்டில் கொஞ்ச காலம் யாரும் உட்காரவில்லை.

பிறகு சக்கரங்கள் திருட்டுப் போயின. நாங்கள் உள்ளே இருக்கும்போது அவர் வேனிலேயே கண்ணயர்வார். அன்று பழனியம்மாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதால் வார்டுக்குள் வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து பார்த்தால், பட்டப்பகலில், ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிக்கொண்டு, வேனைக் கல்லின்மேல் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். மேரியம்மா ஓரத்துக் கட்டையில் உட்கார்ந்தார். அவர் சோர்ந்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். கல்லின்மேல் நின்ற வண்டியைப் பார்த்து, “கழட்டறதுக்குச் சுளுவாத்தான் இருந்திருக்கும். எல்லாம் புது நட்டாச்சே” என்றார். நாங்கள் சிரித்தோம். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் சிரித்தோம்.

நாலு சக்கரத்துக்கும் பூட்டு நட்டு போட வேண்டும் என்றேன் நான். சாவி இல்லாமல் அதைக் கழற்ற முடியாது. ஆனால் அவர் தயங்கினார்.

“திருடனால கழட்ட முடியாதுன்னா, உங்களாலயும் முடியாதுல்லங்கண்ணா? நடுவழியில எனக்கு ஒண்ணு ஆகிப்போச்சு, டயரும் பஞ்சர்னா?”

“இன்னொரு தடவை சக்கரம் போச்சுன்னா வண்டியே கெடையாதுங்க” என்றேன்.

கடையில் இருந்தவர் பல தினுசு பூட்டுகளை எடுத்துப் போட்டார். திருடன் பிடித்துத் திருக முடியாதபடி வெளிவளையம் தனியாகச் சுழலும் விலை உயர்ந்த ரகம் எனக்குப் பிடித்திருந்தது. மேரியம்மா அதைத் தொடக்கூட இல்லை.

“சாவி உடைஞ்சா என்ன பண்றதுங்க?”

“உடையாதுங்கக்கா.”

“உடைஞ்சான்னுதானே கேட்டேன்.”

கடைக்காரர் யோசித்தார். சில ரகங்களில் உறையின்மேல் எண் இருக்கும், அதைச் சொன்னால் வேறு சாவி தருவிக்கலாம், சிலவற்றுக்கு வெல்டிங் பட்டறைதான் வழி என்றார். மேரியம்மா எண் உள்ள ரகத்தில், இரண்டு சாவி உள்ளதாக, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். அலாயே வேண்டாம் என்று சாதாரண இரும்புச் சக்கரங்களுக்கு மாறினார். “ஆஸ்பத்திரிக்குப் போற வண்டிக்கு என்னத்துக்குங்க அழகு?” என்றார். இந்தத் தடவை நட்டின் வாயை என்னிடம் காட்டாமல் தானே துளையில் பொருத்திப் பார்த்துவிட்டார்.

அன்று முதல் நாங்கள் வேனில் ஏறியதும் “சாவி எங்க?” என்று கேட்பார். “டேஷ்போர்டுல, பைபிளுக்குக் கீழ” என்று மூவரும் சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் வண்டி நகராது. “கழட்டத் தெரியாட்டிப் போகுது. வழியில போறவங்களுக்கு எடுத்துக் குடுக்கத் தெரிஞ்சாப் போதும்” என்பார்.

போன மாதம் அது உண்மையாகவே தேவைப்பட்டது. பின் டயர் பஞ்சராகி நின்றபோது மேரியம்மா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துப்போய் இருந்தார். “கேஸ் புடிச்சிருக்குதுங்க” என்றார். ராசப்பன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, வழியில் வந்த ஒரு லாரிக்காரரிடம் கொடுத்தார். அவர் ஸ்டெப்னியை மாட்டிக்கொடுத்தார். ஆஸ்பத்திரியில், “இங்கயே ஒரு டாக்டரைப் பாத்துருங்க” என்று மூவரும் மாறிமாறிச் சொன்னோம். “உங்களைக் கொண்டுபோய் விட்டுட்டுப் பாத்துக்கறேன்” என்றார். அடுத்த முறை கேட்டபோது, “சோடா குடிச்சதும் சரியாப்போச்சு” என்றார். ஒரு சத்தம் கேட்டாலே வண்டியை நிறுத்துகிறவர், தன் நெஞ்சு வலிக்கு நிற்கவில்லை. வேண்டிய மட்டும் சொல்லிவிட்டோம். கேட்கவில்லை.

புதன்கிழமை அடக்கம். எங்களுக்கு மிஷின் இல்லாத நாள். மூவரும் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். கோவிலில் எங்களால் வெகுநேரம் நிற்க முடியவில்லை. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். டீ கொடுத்தார்கள், டாக்டர் எங்களுக்கு ஒரு நாளைக்குச் சொன்ன தண்ணீர் அளவு தாண்டும் என்று மூவரும் மறுத்தோம். ஜெனிட்டா வந்து பழனியம்மாவைக் கட்டிக்கொண்டார். “டிரைவர் ஒருத்தரைப் பாத்துட்டு இருக்கறேன் பாட்டி. வேனை விக்க மாட்டேன்” என்றார். சொன்ன மனசே போதும்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட எங்களையும் கூப்பிட்டார்கள். ஊசி ஏற்றுவதற்காக அறுத்துத் தைத்து வைத்திருக்கிற இடக்கையால் நாங்கள் எதையும் தூக்கக் கூடாது. வெயிலில் மண் காய்ந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. ராசப்பன் ஒரு கட்டியை எடுத்து, வலக்கையாலேயே நொறுக்கிப் பொடியாக்கி, மெதுவாகத் தூவினார். பழனியம்மா அதேபோலச் செய்தார். நானும் செய்தேன். அதற்குள் மூவருக்கும் மூச்சு வாங்கியது.

போய் வாருங்கள், மேரியம்மா. ஆரோக்கியசாமியிடம் நாங்கள் கேட்டதாகச் சொல்லுங்கள். இனியாவது கொஞ்சம் உட்காருங்கள்.