சித்தி முகம் காட்டிய நாள்

கேமரன் மலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு வெயில் என்பது கீழே தாப்பாவில் வசிப்பவர்களின் பிரச்சினை. அவர்களுக்கு மின்விசிறி, எங்களுக்குக் கம்பளிச் சட்டை. ஆண்டவன் அப்படித்தான் பங்கு பிரித்திருக்கிறான் என்று ஒன்பது வயதில் உறுதியாக நம்பினேன். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். ஈப்போவில் காய் வாங்கப் போவதற்கே முகத்தில் களிம்பு அப்பி, அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாகக் கிளம்புகிறேன். எதிர்வீட்டுக் குழந்தை என்னைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. புத்தி வருவதும் வருகிறது, இந்தக் கோலத்தில்தானா வர வேண்டும்?

இதே கோலத்தில்தான் என் சித்தி அந்தக் காலத்தில் தேயிலைக் காட்டுக்குப் போவாள். சித்தி அம்மாவின் தங்கை. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு. மற்ற பெண்கள் தலையில் ஒரு துணி கட்டுவதோடு சரி. சித்தி மட்டும் சித்தப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டி, துண்டால் முகத்தைச் சுற்றி, அதன்மேல் ஓலைத் தொப்பியைக் கவிழ்த்துக்கொள்வாள். கண் இரண்டும்தான் வெளியே தெரியும். வெயில் பட்டால் அவளுக்குக் கன்னம் தடித்து எரியும். "மூடிக்கிட்டுப் போம்மா" என்று தோட்டத்து மருந்தகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"பேங்க்ல கொள்ளையடிக்கப் போறியாலா?" என்று காட்டில் கிண்டல் செய்வார்கள்.

"உங்க மூஞ்சிய எல்லாம் தினம் பாக்குறேன்ல, எனக்கு இது வேணும்லா" என்பாள் துண்டுக்குள்ளிருந்து.

தேயிலை விளம்பரத்துக்குப் படம் எடுக்கக் கோலாலம்பூரிலிருந்து ஒரு சீனர் வந்தார். லட்சணமான ஒரு பெண் வேண்டும் என்றாராம் தோட்டத்துத் துரை. கங்காணி நேராகச் சித்தியிடம் வந்தார். கோயில் திருவிழாவில் அவள் முகத்தை அவர் பார்த்திருக்கிறார்.

"வெயில் எனக்கு ஒத்துக்காதுங்க கங்காணி. வேற யாரையாச்சும் பாருங்க" என்று சித்தி சொல்லிவிட்டாள்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் துரையின் காரோட்டியின் மகள் என் வகுப்பில் படித்தாள். அவளிடம் அலட்டிக்கொள்ள ஒரு கார் முழுக்க இருந்தது. என்னிடம் ஒன்றுமே இல்லை. சித்தி போஸ்டரில் வந்தால் கணக்கு நேராகிவிடும். இரண்டு நாள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

"குளிர்ல பல்லு கிட்டிக்குது சித்தி. வெயில் எங்க இருக்கு?"

என் வாதத்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் கேட்டு அவள் மறுத்ததும் இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"தொப்பியும் துண்டும் உன் கையில இருக்கணும் பாப்பா. ஒரு படம் எடுத்ததும் ஓடியாந்து குடுத்துடணும்."

சத்தியம் செய்தேன். ஒன்பது வயதில் சத்தியம் மலிவு.

பத்து மணி வரை பனி விலகவில்லை. விலகியதும் சரிவு முழுக்கப் பளபளவென்று ஆகிவிட்டது. புகைப்படக்காரர் சித்தியின் கையிலிருந்த கத்தரியை வாங்கிக் கீழே வைத்தார். தோட்டத்தில் கத்தரியால்தான் கொழுந்து வெட்டுவார்கள், ஆனால் போஸ்டரில் விரலால் கிள்ள வேண்டுமாம். சட்டையையும் கழற்றச் சொன்னார். சிவப்புச் சேலையில் சித்தி நிமிர்ந்தபோது உடன் வேலை செய்தவர்களே கொழுந்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு அவர் வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய அட்டை ஒன்றை எடுத்தார். வெயிலை அதில் வாங்கிச் சித்தியின் முகத்தில் திருப்பிவிட வேண்டும். பிடிக்க ஓர் ஆள் வேண்டும். காரோட்டி மகள் அங்கேதான் நின்றாள். நான் முந்திக்கொண்டு ஓடினேன். தொப்பியும் துண்டும் என் காலடியில் கிடந்தன.

நான் அட்டையைச் சாய்த்தால் சித்தியின் முகத்தில் வெளிச்சம் குதித்தது. அன்றைக்குச் சூரியனே என் கையில் இருந்த மாதிரி. காற்று ஜில்லென்று வீசியது. கேமராக்காரர் படத்துக்குப் படம் தலையாட்டினார்.

ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சித்தி இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் காட்டினாள். தொப்பி கேட்கிறாள். பார்த்தேன். அட்டையைக் கீழே வைத்தால் அது அடுத்த நிமிடம் யார் கைக்குப் போகும் என்றும் தெரிந்தது. தேயிலைச் செடியில் ஏதோ பூச்சி இருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி காட்டினாள். அதற்கும் ஒரு பூச்சி வைத்திருந்தேன்.

மதியம் வரை எடுத்தார்கள்.

திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டிவிட்டு இரவு வந்த சித்தப்பா, சிவப்புச் சேலையைக் கண்டு, "யாரும்மா நீ? எம் பொண்டாட்டி எங்க?" என்று சிரித்தவர், விளக்கருகே அவள் முகத்தைப் பார்த்ததும் ஈரத்துணி எடுக்க ஓடினார். கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. மறுநாள் கொப்புளம் எழும்பியது. ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டு போய் நின்றேன். அவள் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

போஸ்டர் பிரிஞ்சாங் ஹோட்டல்களில் தொங்கியது. சுற்றுலா பஸ்களும் போஸ்டர்க்காரியைத் தேடி வந்தன. "தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, கொஞ்சம் மூஞ்சியக் காட்டும்மா" என்பார் கங்காணி. ஆள் வரும்போதெல்லாம் அவிழ்த்துக் கட்டச் சலித்து, முதலில் துண்டு போனது, பிறகு தொப்பியும் போனது. முப்பது வருடம் அப்படியே நின்றாள். பள்ளியில் என் மதிப்பு உயர்ந்தது. காரோட்டி மகள் தன் ரொட்டியில் பாதி தந்தாள்.

போன வருடம் சித்திக்கு மூக்கோரம் ஒரு புண். மஞ்சள் வைத்தாள், ஆறவில்லை. முகம் கழுவினால் ரத்தம் வந்தது. ஈப்போவில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். புற்று, ஆனால் ஆரம்பம்தான் என்று வெட்டி எடுத்தார்கள். பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தியதுபோல அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது.

டாக்டர் சின்னப் பெண். "கறுத்த தோலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுக்கிறாங்க ஆண்டி. மலையில குளிருதே ஒழிய வெயில் கீழ இருக்குறத விடக் கடுமை. பனிக்குள்ளயும் வரும்" என்றாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "சின்ன வயசுல எப்பவாச்சும் வெயில்ல வெந்து கொப்புளம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றாள் சித்தி உடனே. "நாங்க குளிர் ஊருலா. நான் மூடிக்கிட்டுத்தான் போவேன். இதோ இவதான், தொப்பியத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வருவா."

டாக்டர் அதை எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அந்த ஒரு நாளா, அதன்பின் வந்த முப்பது வருடமா என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முப்பது வருடத்தைத் தொடங்கி வைத்தது யார் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். அது இரண்டு பேர் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

படம் எடுத்த அந்தக் காலையில் அவள் மூன்றாவது முறை கை காட்டவில்லை. அட்டைக்கு மேலாக என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, முகத்தை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிச் சிரித்தாள். வெயில் பழகிவிட்டது போலும் என்று எண்ணி, நான் அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.